பயமும் லென்ஸ் மேலே, ஆசையும் லென்ஸ் மேலே

வீட்டில் ஒருவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, லென்ஸ் வைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் சாய்ந்தமருதில் எழுகிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. லென்ஸ் எத்தனை வருடம் நிற்கும்? தும்மினால், அழுதால், கண்ணைக் கசக்கினால் விலகிவிடுமா? அடுப்பு வெக்கை படலாமா? இந்தியன் லென்ஸா, அமெரிக்கன் லென்ஸா? கொஞ்சம் வசதியுள்ள வீடென்றால் இன்னொரு கேள்வியும் வரும்: ஆக விலை கூடியதைப் போட்டால் இருபது வயதுப் பார்வை திரும்பிவிடுமா? இந்தக் கேள்விகளில் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டையும் அந்தச் சின்ன லென்ஸின் தலையிலேயே ஏற்றிவைத்திருக்கிறோம். மருத்துவச் சான்றுகளைப் பொறுமையாகப் பார்த்தால் தெரிவது வேறு. இந்தச் சத்திரசிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவற்றில் லென்ஸின் பங்கு ஆகக் குறைவு. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை, லென்ஸ் போடுமுன் எடுக்கும் அளவு, போட்ட பின் வரும் முதல் சில வாரங்கள் ஆகியவையே முடிவைச் சொல்கின்றன. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்து பலர் பார்வையை இழந்துகொண்டிருக்கிறார்கள்.

இழப்பு சிறியதல்ல. இலங்கையில் 2014–15 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1.7 வீதமானோர் பார்வையற்றோர் என்று கண்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம், நாம் வெள்ளை என்று சொல்லும் கண்புரைதான். அதாவது, திருத்தக்கூடிய ஒன்று. கடலிலும் வயலிலும் வெயிலைக் குடித்து வாழும் நம் கரையோரத்துக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1988இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் கண்ணில் படும் புறஊதாக் கதிரின் அளவு இரட்டிப்பானால் ஒரு வகைக் கண்புரை வரும் அபாயம் 1.6 மடங்காகிறது என்று தெரியவந்தது. கரைவலை இழுப்பவருக்கும் வேளாண்மை செய்பவருக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி ஆடம்பரப் பொருளல்ல.

முதலில் லென்ஸ் மீதான பயத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே வைக்கப்படுவது நாம் கற்பனை செய்வதுபோல ஒரு கண்ணாடித் துண்டு அல்ல. நடுவில் சுமார் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள தெளிந்த வட்டம், இரு பக்கமும் மெல்லிய வளைந்த இரண்டு கால்கள், முனையிலிருந்து முனைக்குப் பதின்மூன்று மில்லிமீற்றர் அளவு. இன்று பெரும்பாலும் பயன்படும் அக்ரிலிக் லென்ஸ் சுருட்டக்கூடியது. மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டின் வழியாக உள்ளே போய், கண்புரையை எடுத்தபின் வெறுமையாகிக் கிடக்கும் இயற்கை லென்ஸின் உறைக்குள் மெதுவாக விரிந்து உட்கார்ந்துகொள்ளும். சில வாரங்களில் அந்த உறையே சுருங்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. இதன் தொடக்கம் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் தெறித்த விமானக் கூரையின் அக்ரிலிக் துகள்கள் சில, ஆண்டுக்கணக்கில் எந்த அழற்சியும் இல்லாமல் உள்ளேயே கிடந்ததைக் கவனித்த ஹரல்ட் ரிட்லி, அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்வித்து 1949 நவம்பர் 29ஆம் திகதி ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை உலகில் கோடிக்கணக்கான கண்களில் அது இருக்கிறது. அதற்குக் காலாவதித் திகதி கிடையாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் திகதி பொதி பிரிக்கப்படும்வரை கிருமியற்ற நிலை காக்கப்படுவதற்கானது. அடுப்பு வெக்கையில் அது உருகாது, அழுதால் வெளியே வராது, எம்.ஆர்.ஐ. படம் எடுக்கவும் தடையில்லை.

“அப்படியானால் இரண்டு வருடத்தில் அவருடைய லென்ஸ் ஏன் மங்கியது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மங்கியது அநேகமாக லென்ஸ் அல்ல. லென்ஸைத் தாங்கும் இயற்கை உறையின் பின்சுவரில் எஞ்சிய கலங்கள் வளர்ந்து படர்வதால் அது நேர்கிறது. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியான மதிப்பீட்டில் ஐந்து வருடத்துக்குள் இது ஏறத்தாழ 28 வீதமான கண்களில் வந்திருந்தது. விளிம்பு கூர்மையாகச் செய்யப்பட்ட இன்றைய லென்ஸ்களில் இது குறைவு. யாக் லேசரால் அந்தப் படலத்தில் ஒரு சிறு திறப்புப் போட்டால் பார்வை திரும்பிவிடும். சில நிமிட வேலை, ஊசி இல்லை, வெட்டு இல்லை. “வெள்ளை திரும்ப வளர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் நம் ஊர்களில் இருப்பது உண்மையிலேயே மனதை வருத்துகிறது. சில வகை லென்ஸ்களில் கல்சியம் படிந்து லென்ஸே மங்கி, மாற்ற நேர்ந்த சம்பவங்களும் உலகில் பதிவாகியிருக்கின்றன. லென்ஸ் இடம்பெயர்வதும் உண்டு. அவை அரிது. இடம்பெயரும்போதும் பெரும்பாலும் பழுது லென்ஸில் இல்லை. அடிபட்டோ நோயாலோ உறையைத் தாங்கும் நுண்ணிழைகள் முன்னரே தளர்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் ஆகக் கூடுதலான கேட்டைச் செய்கிற நம்பிக்கை “நன்றாக முத்தட்டும், பிறகு எடுப்போம்” என்பது. இது பொய்யாகப் பிறந்ததல்ல. லென்ஸ் வைக்கும் முறை வருவதற்கு முன், இயற்கை லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிட்டு, புட்டிக் கண்ணாடி போன்ற தடித்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பார்வை அவ்வளவு கோணலாக இருந்ததால், மற்றக் கண்ணும் தெரியாமல் போகும்வரை பொறுப்பதே அன்று புத்தியாக இருந்தது. காலம் மாறியது, அறிவுரை மாறவில்லை. இன்று முத்திய புரை சத்திரசிகிச்சையைக் கடினமாக்குகிறது. கல்லாக இறுகிய கருவை உடைக்கக் கூடுதல் சக்தி செலுத்த வேண்டியிருக்கிறது. அது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கோர்னியாவின் உட்கலங்களைத் தின்கிறது. மிதமிஞ்சி முத்தினால் புரதம் கசிந்து கண்ணழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு நரம்பே பட்டுப்போகலாம். அதன் பிறகு எந்த நாட்டு லென்ஸாலும் பயனில்லை. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: சாதாரணக் கண்புரை அவசர நோயல்ல. குர்ஆன் எழுத்து மங்குகிறதா, இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் கூசுகிறதா, படி தெரியாமல் கால் இடறுகிறதா, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லையா. அன்றாடம் தடைப்படுகிற அந்தக் கட்டம்தான் சரியான நேரம். அதுவரை தேனும் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கண்ணில் விட்டுக்கொண்டிருப்பது கிருமிக்குக் கதவு திறந்துவிடுவதே. லனோஸ்டெரோல் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்தது என்று 2015இல் ஒரு ஆய்வு வந்து உலகமே பரபரத்தது உண்மை. மனிதக் கண்ணிலிருந்து எடுத்த முதிர்ந்த புரையில் பின்னர் சோதித்தபோது அது கரையவில்லை. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை இல்லை.

இனி ஆசையைப் பார்ப்போம். விலை கூடினால் பார்வையும் கூடும் என்ற கணக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. சாதாரண ஒருகுவிய லென்ஸ் தூரத்தைத் தெளிவாகக் காட்டும். கிட்டத்து எழுத்துக்கு வாசிப்புக் கண்ணாடி வேண்டும். பல்குவிய லென்ஸ் கண்ணாடியின் தேவையைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ஒளியைப் பங்குபோடுவதால் மங்கிய வெளிச்சத்தில் துலக்கம் சற்றுக் குறைகிறது, இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது. விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கும் இரவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவருக்கும் அது வரமா, தொல்லையா என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். டொரிக் லென்ஸ் கோர்னியாவின் கோணல் வளைவைச் சரிசெய்வது. அந்தக் கோணல் இல்லாதவருக்கு அதற்கு வேலை இல்லை. விலை கூடிய லென்ஸ்கள் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அவை தருவது கண்ணாடியிலிருந்து விடுதலை. அதைக் கூர்மையான பார்வை என்று எண்ணிக் காணியை ஈடு வைக்கக் கூடாது என்பதே என் வாதம். விழித்திரை பழுதான கண்ணுக்குப் பல்குவிய லென்ஸ் பெரும்பாலும் உதவாது என்பதையும் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள்.

மலிவு என்றால் மட்டம் என்பதற்கு எதிரான பலமான சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாததைக் கண்டு 1992இல் அவுரோலாப் என்ற சொந்தத் தொழிலகத்தைத் தொடங்கியது. நூறு டொலரை அண்டி விற்ற பொருள் பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. அதன் லென்ஸ்கள் உலகின் பல நாடுகளுக்குப் போகின்றன. முறையைப் பற்றியும் இதையே சொல்லலாம். “லேசர் ஒபரேஷன்” என்று நம் ஊரில் சொல்வதில் பெரும்பகுதி லேசரே அல்ல. மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறைதான் அது. நேபாளத்தில் 108 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இந்த மீயொலி முறையையும் இயந்திரம் வேண்டாத தையலில்லாச் சிறு வெட்டு முறையையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் இரு பிரிவிலும் 98 வீதமானோர், தேவையான இடத்தில் கண்ணாடியோடு, 6/18 (நலமான கண் 18 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில் காண்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றிருந்தார்கள்.

எதிர்பார்க்கத்தக்க முடிவு இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலும் இதைச் சார்ந்ததே: கண்ணாடி உட்படத் திருத்தியபின் 90 வீதமான கண்கள் 6/18க்குக் குறையாமல் பார்க்க வேண்டும், 6/60க்குக் கீழே போகும் கண்கள் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த எஞ்சிய சிலர் யார்? பெரும்பாலும் விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ முன்னரே நோய் இருந்தவர்கள். இங்கேதான் நீரிழிவு வருகிறது. சீனி வருத்தம் பல வருடமாக இருந்து விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தால், புரையை எடுத்து எவ்வளவு நல்ல லென்ஸைப் போட்டாலும் படம் விழ வேண்டிய திரை கிழிந்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் விழித்திரையின் மையத்தில் நீர் கோப்பதும் நீரிழிவுள்ளவர்களுக்கே கூடுதல். ஆகவே “எந்த லென்ஸ்?” என்று கேட்குமுன் “என் விழித்திரை எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். அடுத்தது அளவு. கண்ணின் நீளத்தை அளந்தே லென்ஸின் சக்தி தீர்மானிக்கப்படுகிறது. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் இரண்டரை முதல் மூன்று டயப்டர் வரை தவறிவிடும். பிரித்தானியாவில் 2009இல் முன்வைக்கப்பட்ட தர அளவில்கூட, 85 வீதமான கண்களே குறித்த இலக்குக்கு ஒரு டயப்டருக்குள் வந்தால் போதும் என்றிருந்தது. எனவே பிறகு ஒரு மெல்லிய கண்ணாடி தேவைப்பட்டால் ஒபரேஷன் பிழைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்வது அநியாயம்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது, மறைக்கக் கூடாது. பிரித்தானியாவில் 55,567 சத்திரசிகிச்சைகளின் பதிவைத் தொகுத்தபோது, உறையின் பின்சுவர் கிழிவது போன்ற சிக்கல் 1.92 வீதத்தில் நேர்ந்திருந்தது. விழித்திரை கழலும் அபாயமும் சற்றுக் கூடுகிறது. கிட்டப்பார்வை மிகுந்த, வயது குறைந்த ஆண்களுக்கு அது கூடுதல். எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்குள் கிருமி புகுவது. அதைக் கட்டுப்படுத்துவதிலும் மதுரை வழிகாட்டியிருக்கிறது: அரவிந்தின் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரைப்படி, முடிவில் கண்ணுக்குள்ளேயே மொக்சிஃப்ளொக்சசின் மருந்தைச் செலுத்தியபோது தொற்று பத்தாயிரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

“பத்தாயிரத்தில் இரண்டு என்று கடதாசியில் எழுதலாம், நுவரெலியாவில் என்ன நடந்தது?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை எடுத்துக்கொண்டவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். இந்தியாவிலிருந்து இறக்குமதியான பிரெட்னிசலோன் சொட்டு மருந்து மீது சந்தேகம் விழுந்து, அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு முன் 2008இல் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டக் கிராமத்தவருக்கு நடந்த ஒரு முகாமில் 66 பேர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்கள். இவை மன்னிக்கத்தக்க விபத்துகள் அல்ல. ஆனால் இரண்டிலும் கெடுத்தது லென்ஸ் அல்ல, கிருமி. ஒரே நாளில் ஒரே இடத்தில் பலருக்குக் கண் போனால் காரணம் சொட்டு மருந்து, கழுவும் நீர், கருவி, அறை என்று பொதுவானதொன்றில்தான் இருக்கும். ஆகவே நுவரெலியாவிலிருந்து நாம் எடுக்க வேண்டியது “ஒபரேஷனே வேண்டாம்” என்ற முடிவல்ல. மருந்துத் தரக் கட்டுப்பாட்டில் அரசு வழுவக் கூடாது என்ற உரத்த கோரிக்கையே அது. காத்தான்குடியில் சவுதி உதவியோடு நடந்த முகாம்களைப் போன்றவை நம் மக்களுக்குப் பெரிய உபகாரம். எந்த முகாமுக்குப் போனாலும், முகாம் கலைந்த பிறகு கண் சிவந்தால் யாரிடம் போவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும். கேட்பது நன்றிகெட்ட செயலல்ல.

முதல் வாரங்களின் கவனத்தில் நம் சமூகத்துக்கே உரிய சில தயக்கங்கள் உண்டு. நோன்பு முறிந்துவிடும் என்று ரமழானில் சொட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கண் வயிற்றுக்குச் செல்லும் திறந்த வழியாகக் கருதப்படுவதில்லை. சுர்மாவுக்கும் இதே சட்டம்தான். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகமும், தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையில் விரலால் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தினால் தொண்டைக்கு வருவதும் குறையும், மருந்தும் கண்ணில் நிற்கும். போத்தலின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. வேறொருவர் பாவித்த போத்தலைத் தொடவே கூடாது. சுஜூதுக்குக் குனிந்தால் லென்ஸ் விழுந்துவிடும் என்பது பழைய பெரிய வெட்டுக் காலத்துப் பயம். இன்றைய சிறு வெட்டு தானே மூடிக்கொள்வது. அது உறுதியாகும்வரை சில நாட்களோ ஓரிரு வாரங்களோ குனியாமல் தொழச் சொன்னால் அது காயத்துக்காக. எத்தனை நாள் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவரிடமும், அந்நாட்களில் எப்படித் தொழுவது, வுழூவில் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் எப்படிச் செய்வது என்பதை மௌலவியிடமும் கேட்கலாம். நோயாளிக்குச் சலுகை உள்ள மார்க்கம் இது.

கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற விரும்பும் இளையோர் கேட்கும் லென்ஸ் இன்னொரு வகை. இயற்கை லென்ஸை எடுக்காமல் அதன் முன்னால் வைப்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் அனுமதித்த இது, 21க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதில், கண்ணாடி இலக்கம் நிலைத்தவருக்கு, கண்ணின் முன்னறை போதிய ஆழமாக இருந்தால் நல்ல பார்வையைத் தருகிறது. நலமான கண்ணைத் திறப்பதால் இங்கே கேள்வி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அளவு பிசகினால் இயற்கை லென்ஸில் புரை வரலாம், கண்ணழுத்தம் ஏறலாம். கிட்டப்பார்வை மிகுந்த கண்ணின் விழித்திரை கழலும் அபாயத்தை இது போக்காது. நாற்பதில் வரும் வெள்ளெழுத்தையும் தடுக்காது.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினால், சிவப்பு ஏறினால், தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், கிளினிக் திகதி அடுத்த கிழமைதானே என்று இருக்காதீர்கள். உள்ளே புகுந்த கிருமி கண்ணை அழிக்க ஒன்றிரண்டு நாள் போதும். நேரத்தோடு மருந்தை உள்ளே செலுத்தினால் பல கண்களைக் காப்பாற்ற முடிகிறது. கல்முனையிலோ, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்பிலோ, கண் வைத்தியர் இருக்கும் இடத்துக்கு அன்றைக்கே, இரவானாலும், கூட்டிக்கொண்டு போங்கள்.